மரை கழன்றது யாருக்கு

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஹார்டுவேர் கடைக்காரரை ஒரு வழி பண்ணிவிட்டு வந்தேன்.

மரைப்பசை வாங்கப் போனேன். புது பாட்டில், மூடியில் சீல்கூட உடையவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உள்ளே பாதிதான் இருக்கிறது. இடுப்பு வரை நீலப் பசை, அதற்கு மேல் வெறும் காற்று. "காத்தையா விக்கறீங்க?" என்று கேட்டேன். "இல்லம்மா, அது அப்படித்தான் வரும், ஏன்னா..." என்று ஆரம்பித்தார். ஏன்னாவுக்கு மேல் போக விடவில்லை. பின்னால் நின்றவர்கள் எல்லாம் கழுத்தை நீட்டிப் பார்க்கிற அளவுக்குப் பேசினேன். கடைசியில் கையெடுத்துக் கும்பிடாத குறையாக இன்னொரு பாட்டிலை என் பையில் போட்டு, "போயிட்டு வாங்கம்மா" என்றார். அதுவும் பாதிதான். இரண்டு பாதி ஒரு முழுசு. விட்டுக்கொடுப்பேனா நான்?

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் வீட்டுக்காரர் சிரித்தார். அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க வாடிக்கையாளரிடம் பணிவாகப் பேசிப் பேசி, நான் யாரையாவது திட்டினால் அவருக்குப் பரம திருப்தி. "பாவம்டி அந்த மனுஷன்" என்றார். தையல் மிஷின் ரிப்பேரிலிருந்து ரைபிள் கிளப்புக்கு வேலைக்குப் போனவளை அவர் இன்னும் கேலி செய்வதை விடவில்லை. "இந்த வயசுல உனக்கு சைட் பார்க்கறதே உத்தியோகம்" என்பார். பார்க்கிறேன். துப்பாக்கியில் குறி பார்க்கிற சைட் நேராக நிற்பது என் பொறுப்பு. ஒவ்வொரு சூட்டுக்கும் துப்பாக்கி லேசாக உதைக்கும். அந்த உதையில் சைட்டைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூக்கள் மெல்ல மெல்ல இளகும். மரையில் ஒரு சொட்டுப் பசை விட்டு முடுக்கினால் இளகாது. வேண்டும்போது ஸ்க்ரூடிரைவரால் கழற்றவும் முடியும். ஒரு சொட்டு, அவ்வளவுதான். கிளப்பில் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

மார்ச் 5, புதன்

இரண்டு பாட்டில் பசையையும் என் பழைய எண்ணெய்க் குப்பியில் ஊற்றிவிட்டேன். தையல் மிஷினுக்கு எண்ணெய் விடுகிற தகரக் குப்பி, கொக்கு மூக்கு மாதிரி நீளமான முனை. அதில் விட்டால் சொட்டு எள்ளளவு விழும். கழுவித் துடைத்து, கழுத்து வரை நிரப்பி, இறுக்கி மூடினேன். காற்றுக்கு இடமே இல்லை. காலி பாட்டில்கள் மேஜை இழுப்பறையில். எதையும் தூக்கிப் போட எனக்கு மனசு வராது.

மார்ச் 9, ஞாயிறு

கொசுவின் ரைபிள் இன்று. பழைய பசையைச் சுரண்டி, சைட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, புதுப் பசை விட்டு முடுக்கினேன்.

கொசு என் நாத்தனார். அவருடைய கடைசித் தங்கை. எங்கள் மாடி அறையில்தான் இருக்கிறாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. ஊசி குத்தியதே தெரியாது என்று ஆட்கள் அவளுக்காகவே காத்திருந்து வருவார்கள். கொசு என்று பேர் வைத்தது அவள் அண்ணன். பிறகு கிளப்பிலும் அதுவே நிலைத்துவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், ஒரு நாள் சும்மா சுட்டுப் பார்த்தாள். அவ்வளவுதான், அங்கேயே ஒட்டிக்கொண்டாள். அவள் கையில் துப்பாக்கி இருந்தால் மேஜைமேல் வைத்த மாதிரி இருக்கும்.

வெளியூர்ப் போட்டிக்குப் போகும் அணியில் ஒரு இடம் காலி. அடுத்த ஞாயிறு தேர்வு. அவளுக்கும் பல் டாக்டருக்கும்தான் போட்டி. பல் டாக்டர் நல்ல மனுஷர், ஆனால் சுடும்போது நாக்கைக் கடித்துக்கொள்வார். கொசுவுக்குத்தான் கிடைக்கும். எனக்குச் சந்தேகமே இல்லை.

பசை குப்பியில் கொஞ்சம் கெட்டிப்பட்டிருக்கிறது, தேன் மாதிரி. முனையில் குண்டூசி விட்டுக் குத்தித்தான் சொட்டு வந்தது. பசை கெட்டியாக இருந்தால் நல்லதுதானே?

மார்ச் 11, செவ்வாய்

பயிற்சி நடுவில் கொசு எழுந்து வந்து, "அண்ணி, பின் சைட் லேசா ஆடற மாதிரி இருக்கு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பூட்டியது நான். கட்டை விரலால் சைட்டை அழுத்திப் பார்த்தேன்; கல் மாதிரி நின்றது. ஸ்க்ரூடிரைவர் வைத்துத் திருப்பிப் பார்க்கவில்லை. பசை காய்ந்த மரையைத் திருப்பினால் பிடி விட்டுவிடும், அதனால். சைட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவை ஆயுத அறை ஆள் தவிர வேறு யாரும் தொடக்கூடாது என்பது கிளப் விதி. அந்த ஆள் நான்தான். "சைட்டெல்லாம் ஆடல. உனக்குத்தான் மரை கழண்டுடுச்சு" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. பல் டாக்டர் சிரித்தார். கோச் சிரித்தார். அவருக்கு ஒலிபெருக்கி என்று பட்டப்பேர், சிரித்தாலே கூரை அதிரும். கொசுவும் சிரித்தாள். சரியான நேரத்தில் சரியான வார்த்தை வந்து விழுந்ததே என்று எனக்கு ஒரே பெருமை. வீட்டுக்கு வந்து அவரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

மார்ச் 13, வியாழன்

கொசு என் நகப்பூச்சு பாட்டிலைக் கேட்டு வாங்கிப் போனாள். ரோஜா நிறம், ஒரு கல்யாணத்துக்கு வாங்கி ஒரே தடவை பூசியது. போட்டி அன்றைக்கு அழகாகப் போகட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

போய்விட்டது.

முதல் சுற்றில் நன்றாகத்தான் இருந்தாள். இரண்டாவதில் தோட்டாக்கள் இடப்பக்கம் நகர ஆரம்பித்தன. அவள் சைட்டின் பக்கவாட்டுக் குமிழைத் திருகித் திருத்துவாள், அதை மட்டும் சுடுபவர் தொடலாம்; இரண்டு சூடு சரியாக விழும்; மறுபடி ஒதுங்கும். மறுபடி திருத்துவாள். நான் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். "பயந்துட்டா! கை நடுங்குது பாருங்க" என்று ஒலிபெருக்கி சொல்ல, அந்தக் கூடத்தில் கேட்காதவர் யாருமில்லை.

ஒரு தடவை அவள் ரைபிளைக் கீழே வைத்து, நடுவரைப் பார்த்துக் கையைத் தூக்கப் போனாள். பாதி தூக்கினாள். பிறகு அந்தக் கையாலேயே முடியை ஒதுக்கிக்கொண்டு மறுபடி படுத்துச் சுட்டாள்.

பல் டாக்டருக்கு இடம். நாக்கைக் கடித்தபடியே ஜெயித்துவிட்டார்.

வீடு வரும் வழியில், "கை நடுங்கிடுச்சு அண்ணி" என்றாள். "விடு, எல்லாருக்கும் வர்றதுதான்" என்றேன். அவள் நகங்களைப் பார்த்தேன். எதிலும் பூச்சு இல்லை.

மார்ச் 17, திங்கள்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று நானே நம்பிவிடுவேன்.

காலையில் ஆயுத அறையில் நேற்றைய துப்பாக்கிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கொசுவின் ரைபிள் முறை வந்தது. பின் சைட்டின் ஸ்க்ரூ தலையில் ரோஜா நிறத்தில் சின்னதாக ஒரு கோடு. என் நகப்பூச்சு. அவள் அண்ணன் கடையில் செய்கிற வேலைதான். கண்ணாடிக் கால் ஸ்க்ரூவை முடுக்கியதும், ஸ்க்ரூ தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை ஒரே இழுப்பில் ஒரு கோடு போட்டு வைப்பார். ஸ்க்ரூ திரும்பினால் கோடு இரண்டாகிவிடும். அதற்குச் சாட்சிக் கோடு என்று அவரே பேர் வைத்திருக்கிறார். ஸ்க்ரூவைத் தொடக்கூடாது என்பதுதானே விதி? அவள் தொடவில்லை, கோடு மட்டும் போட்டிருக்கிறாள்.

கோடு இரண்டாகியிருந்தது. ஸ்க்ரூ தலையில் இருந்த பாதி ஒரு பக்கம் பார்க்கிறது, சைட்டில் இருந்த பாதி வேறு பக்கம் பார்க்கிறது. விரலை வைத்தேன். ஸ்க்ரூ விரலுக்கே சுற்றியது.

அவள் கை நடுங்கவில்லை. என் பசை பிடிக்கவில்லை.

அதே நேரம் வெளியே ஒலிபெருக்கியின் குரல், நடையில் யாருடனோ பேசிக்கொண்டே வருகிறார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? கதவைத் திறந்து, "இங்க வாங்க, இதைப் பாருங்க" என்றிருக்க வேண்டும். பஞ்சில் தின்னரை நனைத்து இரண்டு பாதியையும் துடைத்தேன். ஸ்க்ரூவை முடுக்கினேன். பஞ்சு ரோஜா நிறமாக இருந்தது. சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். கோச் எட்டிப் பார்த்து, "என்னம்மா, நம்ம கொசு இப்படிப் பண்ணிடுச்சே" என்றார்.

"ஆமா சார். கை நடுங்கிடுச்சு போல" என்றேன்.

அத்தனையும் செய்கையில் என் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

பொய். இன்று மாலை கொசு ஆயுத அறைக்கு வந்து ரைபிள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு அலமாரியை ஒழுங்குபடுத்துகிற மாதிரி நின்றேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் பெட்டி மூடுகிற சத்தம் வந்தது. ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அவள் கேட்காததில் எனக்கு நிம்மதி வந்ததே, அதை எங்கே போய்ச் சொல்வது.

மார்ச் 20, வியாழன்

கொசு வேலையில் ஒரு பெரியவருக்கு நரம்பு கிடைக்காமல் இரண்டு இடத்தில் குத்திவிட்டாளாம். பக்கத்து மேஜைக்காரி வந்து எடுத்துக்கொடுத்திருக்கிறாள். இதுவரை இப்படி நடந்ததே இல்லை. அவள் அண்ணன் கேலியாக, "என்ன, கொசுவுக்கே கடிக்க மறந்து போச்சா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை, அவருக்கே சிரிப்பு வரவில்லை.

சாப்பாட்டு மேஜையில் கையை நீட்டி, புறங்கையில் ஒரு காகிதத்தை வைத்து, "அண்ணா, ஆடுதா பாரு" என்றாள். காகித ஓரம் படபடத்தது. "ஃபேன் காத்துடா அது" என்று அவர் எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார்.

ஃபேன் நின்றுவிட்டது. காகிதம் நிற்கவில்லை.

நான் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். கழுவப் பாத்திரம் எதுவும் இல்லை.

மார்ச் 21, வெள்ளி

பசை ஏன் பிடிக்கவில்லை? இழுப்பறையில் கிடந்த காலி பாட்டிலை எடுத்து, எறும்பு மாதிரி எழுத்தை அவருடைய பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தேன்.

பசை காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்வரை இளகியே இருக்குமாம். காற்றுப் புகாத இடத்தில், உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில் சிக்கினால்தான் இறுகுமாம். அதனால்தான் பாட்டிலில் காற்றுக்கு இடம் விட்டுப் பாதி நிரப்புகிறார்கள். வேறு கலத்துக்கு மாற்றாதீர்கள், குறிப்பாக உலோகக் கலத்துக்கு.

தகரக் குப்பியில், கழுத்து வரை, காற்றுக்கு இடமில்லாமல். எதையெல்லாம் செய்யாதே என்று அச்சடித்திருக்கிறதோ அதையெல்லாம் ஒன்று விடாமல் செய்திருக்கிறேன். குப்பியின் அடியை வெட்டிப் பார்த்தேன். உள்ளே நீலக் கட்டி, ரப்பர் மாதிரி. அதற்குள்ளேயே பாதி இறுகிப்போன பசையைத்தான் குண்டூசியால் குத்தி எடுத்துக் கொசுவின் மரையில் வைத்திருக்கிறேன். குப்பியின் மூலையில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு வேறு. கழுவினேன் என்று நினைத்தது அவ்வளவு லட்சணம்.

அது அப்படித்தான் வரும், ஏன்னா. அந்த மனுஷர் சொல்ல வந்தது இதைத்தான்.

மார்ச் 23, ஞாயிறு

கொசு கிளப்பை விடுகிறாள். அலமாரிச் சாவியை என்னிடம் நீட்டி, "செயலாளர்கிட்ட குடுத்துடுங்க அண்ணி. எனக்கு இது சரிப்படாது" என்றாள். "எதுக்கும் யோசிச்சுச் செய்" என்றேன். சொல்லிவிட்டு சாவியை வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டேனே! கையை நீட்டி, பிச்சை வாங்குகிற மாதிரி.

ஏன் வாய் வரவில்லை? வேலை போய்விடும் என்றா? போனால் தையல் மிஷின் இருக்கிறது, சோற்றுக்குப் பஞ்சமில்லை. அதில்லை. எல்லோர் எதிரிலும் அவளுக்கு மரை கழன்றது என்று சொல்லிச் சிரிக்க வைத்தேனே, அந்தச் சிரிப்பு திரும்பி என்மேல் வரும் என்கிற பயம். சீ. ஐம்பதை நெருங்கிய பொம்பளை, சிரித்துவிடுவார்களே என்று பயந்து ஒரு பெண்ணின் கையை முடக்கிப் போட்டிருக்கிறேன். கைப்பைக்குள் அந்தப் பஞ்சு இன்னும் இருக்கிறது. பஸ் டிக்கெட் எடுக்கும்போதெல்லாம் விரலில் படுகிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை. என் குணம் அப்படி.

மார்ச் 25, செவ்வாய்

ஹார்டுவேர் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"அன்னிக்கு நான் பேசினது தப்பு. பாட்டில் அப்படித்தான் வரும்னு இப்பத்தான் தெரிஞ்சுது. மன்னிச்சிடுங்க" என்றேன். வரிசையில் ஆட்கள் இருந்தார்கள். வேண்டுமென்றேதான் கூட்டமான நேரம் பார்த்துப் போனேன்.

"அதைத்தாம்மா சொல்ல வந்தேன். நீங்க எங்க சொல்ல விட்டீங்க?" என்றார். இன்னொரு பாட்டில் கேட்டேன். எடுத்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "பாதிதான் இருக்கும். பரவாயில்லையா?" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். காது சுட்டது, ஆனால் ஒன்றும் ஆகிவிடவில்லை. செத்தா போனேன்?

கடைக்காரரிடம் சொல்வது சுலபம். அவரோடு ஒரே வீட்டில் நான் வாழவில்லை.

மார்ச் 27, வியாழன்

சொல்லிவிட்டேன்.

மாலை மாடிக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்காரவில்லை, உட்கார்ந்தால் வேறு ஏதாவது பேச ஆரம்பித்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். கைப்பையிலிருந்து பஞ்சை எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன். "உன் கை நடுங்கல. ஸ்க்ரூ கழண்டிருந்துச்சு. நான் போட்ட பசை பிடிக்கல. திங்கக்கிழமை காலையில நீ போட்ட கோடு ரெண்டா இருந்ததைப் பார்த்தேன். பார்த்துட்டு நான்தான் துடைச்சேன்" என்றேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் பஞ்சை எடுத்து அந்த ரோஜா நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்போ கோடு இருந்துச்சா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"மேட்ச் நடுவுல பார்த்தேன், கோடு விலகியிருந்த மாதிரி இருந்துச்சு. கை தூக்கலாம்னு போனேன். திரும்பவும் எல்லாரும் சிரிப்பாங்களேன்னு விட்டுட்டேன். செவ்வாக்கிழமை வந்து பெட்டியைத் திறந்தா கோடே இல்ல. ஸ்க்ரூ நல்லா இறுக்கமா இருந்துச்சு. அப்போ நான் கோடு போட்டதே நெஜமா, இல்ல போட்டதா நெனச்சுக்கிட்டேனான்னு சந்தேகம் வந்துடுச்சு. நீங்க சொன்ன மாதிரி எனக்குத்தான் மரை கழண்டுடுச்சோன்னு... அதுக்கப்புறம்தான் கை ஆட ஆரம்பிச்சுது."

பஞ்சைக் கட்டில்மேலேயே வைத்துவிட்டு, "நீங்க துடைச்சிருப்பீங்கன்னு மட்டும் எனக்குத் தோணவே இல்ல" என்றாள்.



மார்ச் 30, ஞாயிறு

பயிற்சிக்கு எல்லோரும் வந்திருந்த நேரத்தில் கிளப்பிலும் சொன்னேன். குப்பி, பசை, கோடு, தின்னர், "கை நடுங்கிடுச்சு போல" என்று நான் சொன்னது, எல்லாம். எழுதி எடுத்துப் போயிருந்தேன், ஆனால் எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை, வாய்க்கு வந்தபடி சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஒலிபெருக்கி மௌனமாக இருந்து இன்றைக்குத்தான் பார்த்தேன்.

பல் டாக்டர் எழுந்து, தன் இடத்தை விட்டுக்கொடுப்பதாகச் சொன்னார். முடியாது, போட்டிக்குப் பெயர்களை அனுப்பியாகிவிட்டது என்றார் செயலாளர். ஆயுத அறைச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். இனி வெளி மேஜையில் இலக்கு அட்டை ஒட்டுகிற வேலை எனக்கு. போகச் சொல்லவில்லையே, அதுவே பெரிது.

வீட்டில் அவரிடம் வியாழக்கிழமை ராத்திரியே சொல்லிவிட்டேன். அதிலிருந்து சைட் கேலி நின்றுவிட்டது. கொசு கிளப்புக்கு வரவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

இன்றுதான் கவனித்தேன். கொசு என்னோடு பேசுகிறாள், முன்னைப் போலவே பேசுகிறாள். "தண்ணி வந்துடுச்சு." "சாவி ஆணியில இருக்கு." "எனக்குச் சாப்பாடு வேண்டாம், வெளியில சாப்பிட்டுட்டேன்."

எதிலும் அண்ணி இல்லை. யோசித்துப் பார்த்தால் அன்றைக்கு மாடியிலிருந்தே இல்லை. "நீங்க" இருக்கிறது. அது கடைக்காரருக்கும் உண்டு, கண்டக்டருக்கும் உண்டு.

ஏப்ரல் 9, புதன்

அட்டை ஒட்டினேன். விரலெல்லாம் பசை. இந்தப் பசை நன்றாகப் பிடிக்கிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

அவள் இப்போது வேலையில் ஊசி எடுப்பதில்லை என்று அவர் சொன்னார். சீட்டு எழுதுகிற மேஜைக்குக் கேட்டு மாறிவிட்டாளாம். மேலே மாடியில் விளக்கு எரிந்தது. இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். "நீ போய்ப் பேசேன்" என்றார். "பேசினதுதாங்க வினையே" என்றேன்.

ஏப்ரல் 17, வியாழன்

பேசவில்லை. சாப்பிடாமல் கிளம்பி, அவள் வேலை செய்யும் நிலையத்துக்குப் போனேன். டாக்டர் சர்க்கரை பார்க்கச் சொல்லி ரொம்ப நாளாயிற்று. அந்தச் சீட்டு பையிலேயே கிடந்தது. அவள்தான் வாங்கி எழுதினாள். "அந்த மேஜைக்குப் போங்க" என்று பக்கத்து மேஜைக்காரியைக் காட்டினாள்.

நான் போகவில்லை. அவள் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து ரவிக்கைக் கையை மடித்துவிட்டு, "நீ எடுக்கறதா இருந்தா எடு. இல்லன்னா நான் போயிடறேன், சர்க்கரை இருந்தா இருந்துட்டுப் போகட்டும்" என்றேன். மிரட்டல்தான். எனக்குத் தெரிந்த ஒரே பாஷை.

"ஆடும்" என்றாள் மெதுவாக.

"ஆடினா ஆடட்டும். எத்தனை தடவை வேணும்னாலும் குத்து. எனக்கு வலிக்கணும்."

அதற்கு அவள் முகம் மாறியது. "வலிக்கறதுக்கா வந்தீங்க? உங்களுக்கு வலிச்சா எனக்கு என்ன வந்துடும்?" என்றாள். அவள் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்துவிட்டது அவளுக்கு. கோபத்தோடேயே கையுறையை மாட்டினாள், கோபத்தோடேயே ரப்பர் பட்டையைக் கட்டினாள், "விரலை மடக்குங்க" என்றாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எப்ப குத்தப் போற?" என்று கேட்டேன்.

"எடுத்தாச்சு. பஞ்சை அழுத்திப் பிடிங்க."

பார்த்தால் குழாய் நிறைந்திருந்தது. அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எனக்குப் பின்னால் நின்ற ஆளைப் பார்த்து, "நீங்க வாங்க" என்றாள்.

தெருவுக்கு வந்து பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன். பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே.

ஏப்ரல் 22, செவ்வாய்

சர்க்கரை இல்லை. முடிவுத் தாளை அவள் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

வெளி மேஜையில் அட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன். நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் கொசு. கையில் ரைபிள், ஸ்க்ரூடிரைவர், ஸ்பிரிட், நான் கடைசியாக வாங்கிவந்த பாதி பாட்டில். எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பினாள்.

"செயலாளர்கிட்ட கேட்டுட்டேன். என்னோடது ஒண்ணு மட்டும் நீங்க பண்ணலாம்னு சொன்னாரு. அவரும் பார்ப்பாராம்."

செயலாளர் வாசலில் நின்று பார்த்தார். உள்ளே சுட்டுக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். நான் ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். மரையில் எண்ணெய் சுத்தமாகப் போகும்வரை ஸ்பிரிட்டால் துடைத்தேன். பாட்டிலிலிருந்தே நேராக ஒரு சொட்டு விட்டேன். முடுக்கினேன். "நாளைக்கு வரைக்கும் யாரும் சுடக்கூடாது, நல்லா இறுகணும்" என்றேன், யாரையும் பார்க்காமல்.

அவள் பையிலிருந்து ரோஜா நகப்பூச்சை எடுத்து மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினாள்.

"நீயே போடேன்" என்றேன்.

"நீங்க போடுங்க."

தையல் ஊசியில் கண்ணை மூடிக்கொண்டு நூல் கோத்தவள் நான். அந்தத் துளியூண்டு தூரிகையைப் பிடித்தபோது என் கை ஆட ஆரம்பித்தது. இத்தனை நாள் ஆடாத கை. ஸ்க்ரூ தலையிலிருந்து சைட் வரை இழுத்தேன். நடுவில் நெளிந்து ஒரு பக்கம் வழிந்துவிட்டது. ஒலிபெருக்கி கொஞ்சம் இருமினார்.

"கோணலா போச்சு. இரு, மறுபடி போடறேன்" என்று பஞ்சை எடுத்தேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் நடுங்கவில்லை.

"துடைக்காதீங்க அண்ணி" என்றாள்.

நான் துடைக்கவில்லை.